மேலே பீரங்கி, கீழே ரயில்: பிளாஸ்டிக் கவசப் பெட்டியைத் தண்டவாளத்தில் ஓட்டுவது எப்படி

அக்கா மகன் விடுமுறைக்கு மாயவரம் வந்தபோது துணிமணியோடு ஒரு பிளாஸ்டிக் கிட்டும் கொண்டுவந்தான். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவம் ஓட்டிய கவச ரயிலின் ஒரு பெட்டி, 1/72 அளவு. நான்கு நாள் உட்கார்ந்து, விளக்கத்தாளில் போட்டிருந்தபடியே ஒட்டி முடித்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. என் மேசையில் கிடந்த ஹெச்ஓ (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவுள்ள ரயில் மாடல்) தண்டவாளத்தில் கொண்டுபோய் வைத்தான். நான்கு சக்கரமும் தண்டவாளத்துக்கு வெளியே விழுந்து, வாய்க்கால் மேல் கால் அகட்டி நிற்பவன் மாதிரி நின்றது.

"என்ன மாமா, ஏறவே மாட்டேங்குது?"

ஏறாது. அலமாரியில் நிற்பதற்காகச் செய்த பொருள் அது. அதன் சக்கரம் சக்கரம்போல் தெரிந்தால் போதும், உருள வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இடத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: கிட்டோடு வந்த சக்கரத்தையே எப்படியாவது உருளவைக்கப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். துளையைப் பெரிதாக்கி, குண்டூசியை அச்சாகக் கோத்து, எண்ணெய் விட்டு, இரண்டு வாரம் போனது. ஓடியது ஒரு முழ தூரம்.

சரியான வழி வேறு. கிட்டின் அடிப்பகுதியை மறந்துவிடுங்கள். ரயில் மாடலுக்கென்றே செய்த சக்கரத்தையும் அடிச்சட்டத்தையும் முதலில் தனியாக ஓடவையுங்கள். அது வெறும் பலகையாக நன்றாக ஓடிய பிறகு, கிட்டை அதன் தலையில் ஒரு மூடிபோலக் கவிழுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வேலையும் இந்த வரிசையில்தான்.

முதலில் அகலக் கணக்கு

டெல்டாவில் பிறந்தவர்களுக்குத் தண்டவாள அகலச் சிக்கலை விளக்கத் தேவையில்லை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1861-62இல் போட்ட பாதை அகலப்பாதை. 1875இல் அதையே மீட்டர் பாதையாக மாற்றினார்கள். நம் கண்ணெதிரே அது மறுபடியும் அகலப்பாதை ஆனது. பாதை மாறியபோதெல்லாம் பழைய வண்டி ஏற முடியாமல் ஒதுங்கியது. மேசை மேலும் அதே கதைதான்.

கணக்கு எளிது. நிஜப் பாதையின் அகலத்தை மி.மீ.யில் எடுத்து, கிட்டின் அளவு எண்ணால் வகுக்க வேண்டும். சோவியத் பாதை அப்போது 1524 மி.மீ.; 72ஆல் வகுத்தால் 21.2. ஜெர்மனியின் பாதை 1435, வகுத்தால் 19.9. கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஹெச்ஓ, ஓஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. ஆக, 1/72 சோவியத் பெட்டியின் சக்கரம் பக்கத்துக்கு 2.35 மி.மீ. உள்ளே தள்ளிப்போக வேண்டும்.

இது பொய்தானே என்று கேட்கலாம். பொய்தான். ஆனால் பிரிட்டனில் ஓஓ என்று சொல்லி ஓட்டுவது முழுக்க இதே பொய்யில்தான் ஓடுகிறது: உடம்பு 1/76, தண்டவாளம் 1/87க்குரிய 16.5. கவசப் பெட்டியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சக்கரத்துக்கு வெளியே பாவாடைபோல இரும்புத் தகடு தொங்குவதால், பக்கவாட்டில் பார்க்கிறவருக்குச் சக்கரத்தின் அடிப்பாதிதான் தெரியும். நேர் எதிரே குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

அகலம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்கள் 1/87 கிட் தேடலாம். 1435ஐ 87ஆல் வகுத்தால் 16.5 சரியாக வரும். 1/35 பெரிய கிட்டுகளுக்கு 41 மி.மீ. வேண்டும். அதற்குக் கிட்டத்தில் உள்ளது 45 மி.மீ. தோட்டத் தண்டவாளம். செலவும் இடமும் ஏகத்துக்கு இழுக்கும், முதல் முயற்சிக்கு வேண்டாம். நம் ஊர் அகலப்பாதையில் டாங்கி ஏற்றிப் போகும் ராணுவ ரயில்தான் செய்ய ஆசையென்றால் ஒரு நல்ல செய்தி: 1676ஐ 100ஆல் வகுத்தால் 16.8. அதாவது 1/100 அளவு டாங்கிகள் சாதாரண ஹெச்ஓ தண்டவாளத்தில் இந்திய அகலப்பாதைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். ரஷ்யாவின் ஸ்வெஸ்டா நிறுவனம் அந்த அளவில் நிறைய டாங்கிகள் போட்டிருக்கிறது, விலையும் குறைவு.

எந்த கிட்டை எடுப்பது

இரண்டு அச்சு உள்ள குட்டைப் பெட்டியாக எடுங்கள். சோவியத் பிபி-43 கவச ரயில் இதற்கு அருமையான மாதிரி. கவசம் போர்த்திய ஒரு நீராவி எஞ்சின், டி-34 டாங்கியின் சுழல்கோபுரத்தை அப்படியே தூக்கி வைத்த நான்கு இரண்டச்சுப் பெட்டிகள், விமான எதிர்ப்புத் துப்பாக்கி ஏற்றிய இரண்டு பெட்டிகள், இதுதான் அதன் அமைப்பு. உக்ரைனின் யூனிமாடல்ஸ் 1/72 அளவில் இப்படிப்பட்ட கவச ரயில் கிட்டுகள் செய்திருக்கிறது. அது கிடைக்காவிட்டால் ஒரு 1/72 டி-34 கிட் வாங்கி, கோபுரத்தை மட்டும் எடுத்து, பெட்டியை 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் நீங்களே கட்டிக்கொள்ளலாம். சரிந்த பக்கமும் தட்டையான கூரையும்தான். வடிவம் ஒன்றும் கஷ்டமில்லை.

ஜெர்மானிய கே5 ரயில் பீரங்கியைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஹாசேகாவா 1/72இல் போட்டது இன்றும் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அதற்குப் பன்னிரண்டு அச்சு. நிஜ பீரங்கியே பக்கவாட்டில் அதிகம் திரும்ப மாட்டாமல், வளைவுத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்த்திக் குறிபார்த்த ஜாதி. அதை ஐந்தாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டைத் தவிர இன்னொன்றும் வாங்க வேண்டும்: ஓஓ அல்லது ஹெச்ஓ அளவில் இரண்டச்சுச் சரக்குப் பெட்டி ஒன்று. பழையது போதும், மேலே உடைந்திருந்தாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது அடிச்சட்டமும் சக்கரமும் மட்டும். சக்கரம் உலோகமாக இருக்க வேண்டும். அச்சின் இரண்டு முனையும் ஊசிபோலக் கூராக இருக்க வேண்டும். அந்தக் கூர்முனை குழிக்குள் உட்கார்ந்து சுற்றுவதால்தான் உராய்வே இல்லாமல் உருள்கிறது.

டெல்டாவில் இதற்கென்று கடை கிடையாது, எல்லாம் தபாலில்தான் வரும். ஆனால் கருவிக்கு அலைய வேண்டாம். தங்க வேலை செய்யும் பத்தர் பட்டறைக்குப் போங்கள். முடி கனத்தில் அறுக்கும் ரம்பம், ஊசி அரம், கையால் திருகும் சின்னத் துரப்பணம் எல்லாம் அவர்களிடம் இருக்கும். எங்கே வாங்குவது என்றும் சொல்வார்கள். எடை பார்க்க அவர்கள் தராசே போதும். எங்கள் தெருப் பத்தர் என் பெட்டியை நிறுத்துப் பார்த்து, "எண்பது கிராமா? தங்கமா இருந்தா பத்து பவுன் தம்பி" என்று சிரித்தார். தனியாக வாங்க வேண்டியவை ஒரு வெர்னியர் அளவியும் ஒரு மல்டிமீட்டரும். மல்டிமீட்டர் ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

அடிச்சட்டம்

சரக்குப் பெட்டியின் மேல்பகுதியைக் கழற்றிவிட்டு, தரையும் சக்கரம் தாங்கும் காதுகளும் மட்டும் மிச்சமாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களைக் கழற்றிப் பத்திரமாக ஒரு டப்பாவில் போடுங்கள். இப்போது உங்கள் கிட்டில் இரண்டு அச்சுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் சரக்குப் பெட்டி பெரும்பாலும் 40 மி.மீ. இருக்கும், உங்கள் கிட்டில் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஆகவே தரையைக் குறுக்கே நடுவில் அறுத்து இரண்டு துண்டாக்குங்கள். துண்டுக்கு ஒரு அச்சு.

கிட்டின் தரை அளவுக்கு 1.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் ஒரு பலகை வெட்டி, அதன் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் நடுக்கோடு போடுங்கள். அந்தக் கோட்டை வைத்துத்தான் இனி எல்லாம். முதல் துண்டை, இடையில் 1 மி.மீ. தகடு ஒன்று கொடுத்து, பலகையின் அந்தப் பக்கத்தில் அசையாமல் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது துண்டை ஒட்டக் கூடாது. இந்த வேலையின் ரகசியம் முழுவதும் இங்கேதான். அது வரும் இடத்தில், நடுக்கோட்டின் மேல் நீளவாக்கில் 1 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றை ஒட்டுங்கள். துண்டு அந்தக் கம்பி முதுகில் உட்கார வேண்டும். நடுவில் ஒரே ஒரு சின்னத் திருகாணி, அதுவும் முழுக்க இறுக்காமல், சற்றுத் தளர்வாக. இப்போது அந்த அச்சு மட்டும் இடமும் வலமும் லேசாகச் சாய்ந்து கொடுக்கும், தராசுத் தட்டு மாதிரி. அது சாயலாம், ஆனால் திரும்பக் கூடாது. திரும்பினால் சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஓரமாக ஏறிவிடும். அதனால் துண்டின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தொட்டபடி பலகையில் இரண்டு பிளாஸ்டிக் கீற்று ஒட்டி அணை கட்டிவிடுங்கள்.

ஏன் இந்தப் பாடு? நான்கு கால் நாற்காலி மேடுபள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. மேசைத் தண்டவாளம் எவ்வளவு பார்த்துப் போட்டாலும் மேடுபள்ளம் இருக்கும், அதுவும் ஐப்பசி மழையில் ஒட்டுப்பலகை உப்பும் நம் ஊரில் நிச்சயம் இருக்கும். ஒரு அச்சு சாய்ந்து கொடுத்தால் நான்கு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

சக்கரங்களை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு அச்சிலும் இரண்டு சக்கரத்தின் உட்பக்கங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வெர்னியரில் பாருங்கள். 14.4இலிருந்து 14.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் நேர்ப்பாதையில் ஒன்றும் தெரியாது. பாதை பிரியும் இடத்தில் போய் ஏறி விழும். சக்கரத்தைப் பிடித்து லேசாகத் திருகினால் அச்சில் நகரும், பொறுமையாகச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் மல்டிமீட்டர். மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து, அதன் இரண்டு முனையை ஒரே அச்சின் இரண்டு சக்கரத்தில் வையுங்கள். ஒலிக்கக் கூடாது. இரண்டு தண்டவாளமும் மின்சாரத்தின் இரண்டு முனை. சக்கரங்களுக்கு இடையில் காப்பு இல்லாவிட்டால் உங்கள் பெட்டி வைத்த நொடியே ஷார்ட் ஆகிவிடும். உலோக எடையோ பித்தளைத் தகடோ வைத்த பிறகு இந்தச் சோதனையை இன்னொரு தடவையும் செய்யுங்கள்.

மூன்று சோதனை

கிட்டைத் தொடுவதற்கு முன் இந்த மூன்றிலும் தேற வேண்டும்.

கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியே போதும். நான்கு சக்கரமும் தொட வேண்டும். சாயும் அச்சின் ஒரு சக்கரத்தின் கீழ் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினாலும் மற்ற மூன்றும் தூக்கக் கூடாது.

இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் தூரம், வலப்பக்கம் அதே தூரம். இரண்டுக்கும் 0.2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பெட்டி எப்போதும் ஒரு பக்கமாகவே உரசிப் போகும். சக்கர விளிம்பு தேய்கிற சத்தம் கேட்கும்.

கடைசியாக, ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளத்தை ஒட்டி, ஒரு முனையை 2 செ.மீ. தூக்கி வைத்து, மேலிருந்து கையை எடுங்கள். தானாக உருண்டு கீழே வர வேண்டும். வராவிட்டால் அச்சுமுனை இறுகியிருக்கிறது. காதுகளை லேசாக வெளிப்பக்கம் வளைத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். எண்ணெய் விடாதீர்கள். நம் ஊர்த் தூசியோடு சேர்ந்து அது இரண்டே மாதத்தில் பசையாகிவிடும்.

கிட்டை இறக்குவது

இனிதான் கிட்டைத் திறக்கிறோம். அதன் சக்கரம், அச்சு எல்லாவற்றையும் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். பக்கச் சட்டத்தில் இருக்கும் வில்லும் அச்சுப்பெட்டியும் மட்டும் வேண்டும்; அவை இனி வெறும் அலங்காரம். அவற்றின் உட்பக்கத்தைத் தேய்த்து மெல்லியதாக்குங்கள், நம் அடிச்சட்டம் அந்த இடைவெளிக்குள் நுழைய வேண்டும். சாயும் அச்சின் இரண்டு பக்கமும் குறைந்தது 1 மி.மீ. காற்று இருக்கட்டும். இதை மறந்துவிட்டு அப்படியே ஒட்டியவர்கள், முக்காலிக்காகப் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கியவர்கள் ஆவார்கள்.

கிட்டின் தரையில் பெரிய சதுரம் ஒன்றை வெட்டி எடுத்து, பலகை கீழேயிருந்து உள்ளே ஏறுகிற மாதிரி செய்யுங்கள். ஒட்டாமல் இரண்டு திருகாணியில் பிடித்தால் நல்லது. பின்னால் ஒரு நாள் சக்கரத்தை எடுக்க வேண்டியிருக்கும், எடையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். உயரம் பார்க்க, கிட்டின் சக்கரம் எங்கே தரையைத் தொட்டதோ அங்கேதான் புதுச் சக்கரமும் தொட வேண்டும். ஓஓ சக்கரம் 12.6, 14.1 என்று இரண்டு விட்டத்தில் வருகிறது. கிட்டின் சக்கரத்தை அளந்து, கிட்டத்தில் உள்ளதை எடுத்துக்கொண்டு, மிச்ச வித்தியாசத்தைப் பலகைக்கு மேல் சிம்பு வைத்துச் சரிக்கட்டுங்கள்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டின் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் டமியா போன்ற மெல்லிய திரவப் பசை பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் மட்டும்தான். உள்ளூர் ஃபிளெக்ஸ் கடையில் கிடைக்கும் சன்போர்டு மலிவு, வெட்டவும் சுகம். உள்ளே முட்டுக்கொடுக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் அந்தப் பசையில் அது பிடிக்காது, ஃபெவிக்விக் போடுங்கள். ஃபெவிக்விக்கைப் பெட்டியின் சாளரக் கண்ணாடி பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஆவியில் வெள்ளை பூத்துவிடும்.

எடை

ஓடாத பெட்டியைப் பார்த்தால் பத்தில் ஏழுக்கு எடைதான் காரணம் என்பேன். காலி கிட் இறகு மாதிரி இருக்கும். நடுவில் கோத்து இழுத்தால் வளைவில் உள்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்.

எவ்வளவு எடை? அமெரிக்க ரயில் மாடல் சங்கத்தின் ஹெச்ஓ கணக்கு: அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். கிராமில் 28, அதற்கு மேல் அங்குலத்துக்கு 14. உங்கள் பெட்டி 13 செ.மீ. என்றால் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட 100 கிராம் வரும். பிரிட்டன்காரர்கள் அச்சுக்கு 25 கிராம் போதும் என்பார்கள்; அப்படிப் பார்த்தால் 50. நான் நடுவில் 80இல் நிறுத்தினேன். எந்தக் கணக்கை எடுத்தாலும் எல்லாப் பெட்டிக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். கனமான பெட்டி பின்னால், லேசானது நடுவில் என்று கோத்தால்தான் வம்பு.

எடைக்குப் பொருள் தேடி வெளியூர் போக வேண்டாம். கார் டயர் கடையில் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் பட்டை இருக்கிறது. 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக, பின்னால் பசையோடு வரும். தரையில் வரிசையாக ஒட்டிவிட்டால் முடிந்தது. இரண்டு அச்சுக்கும் சமமாகப் பிரித்து, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒட்டுங்கள். கோபுரத்துக்குள் எடை வைக்கவே வைக்காதீர்கள்.

வலைக்குக் கட்டும் ஈயக்குண்டும் எங்கும் கிடைக்கும். அதில் எனக்கு ஒரு சூடு உண்டு. முதல் பெட்டியில் ஈயக்குண்டை நிரப்பி, மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையை ஊற்றி மூடினேன். ஒன்றரை வருஷம் கழித்து எடுத்தால் பெட்டியின் பக்கமெல்லாம் வயிறு உப்பி, மூலை பிளந்து கிடந்தது. அந்தப் பசையோடு சேர்ந்தால் ஈயம் மெல்ல மெல்ல வெள்ளைத் தூளாக மாறிப் பருமன் கூடும். உப்பங்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் கேட்கவே வேண்டாம். ஈயம் போட்டே ஆக வேண்டுமென்றால் அரால்டைட் மாதிரி இரண்டு கலவைப் பசையில் புதையுங்கள், பெட்டியை அடைத்து நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் கூட உட்கார்ந்து செய்தால் ஈயமே வேண்டாம்.

கொக்கி, வளைவு, உரசல்

கிட்டில் வரும் கொக்கி பார்வைக்குத்தான். உங்களிடம் உள்ள எஞ்சினில் எந்த வகைக் கொக்கி இருக்கிறதோ அதையே, அதே உயரத்தில், பலகையில் பொருத்துங்கள். மேல் உடம்பில் பொருத்தினால் இழுவை முழுவதும் ஒட்டிய இடத்தில் விழும்.

பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனத் தண்டவாளத்தில் முதல் வளைவின் ஆரம் 371 மி.மீ., இரண்டாவது 438. மூன்றடி அகலப் பலகையில் முதல் வளைவு தாராளமாக அடங்கும், இரண்டாவது விளிம்பை ஒட்டி நிற்கும். இரண்டச்சுப் பெட்டி இரண்டிலும் போகும். ஆனால் அடுத்தடுத்த பெட்டிகளின் முட்டுத்தாங்கிகள் வளைவின் உட்பக்கத்தில் ஒன்றையொன்று முட்டாமல் இருக்கக் கொக்கிக்கு நீளம் வேண்டும். வளைவில் நிறுத்தி, மேலிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று பலருக்குக் கடைசியில்தான் தெரியவரும். நிஜத்தில் மூன்று மீட்டர் அகலப் பெட்டி 1/72இல் கிட்டத்தட்ட 42 மி.மீ. ஓஓ நடைமேடையும் சுரங்கமும் அதைவிட ஒல்லியான பிரிட்டிஷ் வண்டிக்காகச் செய்தவை. வண்ணம் பூசுவதற்கு முன் எல்லா இடத்திலும் கையால் தள்ளிப் பாருங்கள். அக்கா மகனின் பெட்டி என் சின்ன நடைமேடையில் உரசியது. பெட்டியைச் செதுக்குவதா, நடைமேடையைச் செதுக்குவதா என்று அரை நாள் பஞ்சாயத்து நடந்து, கடைசியில் நடைமேடையில் 3 மி.மீ. போனது.

வண்ணம்

தையிலிருந்து ஆனி வரை எப்போது வேண்டுமானாலும் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் லாக்கர் பூச்சு காயும்போது மேலே பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். அவசரமென்றால் தூரிகையில் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் போடுங்கள். சோவியத் பச்சைக்கு 4பிஓ என்று தேடுங்கள், பழைய வெற்றிலை நிறம். பூசுவதற்கு முன் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள். அச்சுமுனைக் குழியில் ஒரு சொட்டுப் பட்டாலும் சரிவுப் பலகைச் சோதனையில் தோற்றுவிடுவீர்கள்.

அழுக்குப் பூச வெளிநாட்டுத் தூள் எதற்கு? வாய்க்கால் கரையில் கோடையில் பாளம் பாளமாக வெடித்த வண்டலில் ஒரு பாளம் எடுத்து, வாணலியில் வறுத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தால் அதைவிட நல்ல தூசி கிடையாது. பாவாடைத் தகட்டின் கீழ்ப்பக்கத்தில் தொட்டுத் தடவி, மேலே மங்கல் வார்னிஷ் ஒரு கை. பூசும் முன் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி, தூளுக்குள் நாலு தடவை ஓட்டுங்கள். ஆற்றுமணலில் காந்தத்தில் ஒட்டும் கருமணல் இருக்கும், அது எஞ்சின் மோட்டாருக்குள் போனால் பிடித்துக்கொள்ளும். மணல்மூட்டை அடுக்க நெட்டியைச் சின்னத் துண்டாக வெட்டி உருட்டுங்கள். தஞ்சாவூர் நெட்டி வேலை செய்பவர்களிடம் கழிவுத் துண்டு கிடைக்கும். கூரையில் எவ்வளவு அடுக்கினாலும் எடை ஏறாது.

தானே ஓட வேண்டுமென்றால்

முதல் பெட்டியை ஒரு சாதாரண எஞ்சினுக்குப் பின்னால் கோத்து இழுங்கள், அதுதான் நிம்மதி. இரண்டாவதில் ஆசை வந்தால், ரோபோ பாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும் என்20 கியர் மோட்டார் பெட்டிக்குள் அடங்கும். 12 வோல்ட்டுக்கானதையே கேளுங்கள், தண்டவாள மின்சாரம் அதுதான். வேகம் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு: 12.6 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 39.6 மி.மீ. போகும். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் விநாடிக்கு 132 மி.மீ. அதை 72ஆல் பெருக்கினால் நிஜத்தில் மணிக்கு 34 கி.மீ. மாதிரி தெரியும். கவச ரயிலுக்கு அது போதும். 300 சுற்று மோட்டார் போட்டால் 51 கி.மீ., பார்க்கப் பொம்மை மாதிரி ஓடும். மோட்டாரை அசையாத அச்சின் பக்கம்தான் வைக்க வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் எடுக்க நான்கு சக்கரத்தின் முதுகிலும் மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பி உரசிக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தினால் பிரேக், விட்டால் தொடாது.

முதல் ஓட்டம்

இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எஞ்சினைப் பின்னால் வைத்துத் தள்ளியும் பாருங்கள். பாதை பிரியும் இடங்களில் மெதுவாக. தள்ளும்போது விழாத பெட்டி பெரும்பாலும் இழுக்கும்போதும் விழாது.

விழுந்தால் உடனே பெட்டியைக் குறைசொல்ல வேண்டாம். வேறு இரண்டு பெட்டியை அதே இடத்தில் ஓட்டுங்கள். எல்லாம் அதே இடத்தில் விழுந்தால் தண்டவாளத்தில் குறை. உங்கள் பெட்டி மட்டும் ஊரெல்லாம் விழுந்தால் பெட்டியில் குறை. அக்கா மகனின் பெட்டி ஒரே இணைப்பில் மூன்று தடவை இறங்கியது. கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். மழையில் பலகை உப்பி, ஒரு பக்கத் தண்டவாளம் தலைமுடி அளவு மேலே நின்றது. பத்தர் கொடுத்த ஊசி அரத்தால் நாலு இழுப்பு இழுத்தேன். நாலாவது தடவை அவன் கையை முகவாயில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க, பெட்டி அந்த இணைப்பைத் தாண்டி, செதுக்கிய நடைமேடையையும் தாண்டிப் போனது.